தட்டடுப்பு

ஸ்கார்கேட்டில் கடைசி வீடு எஸ்தர் ஹோல்ராய்டுடையது. அதைத் தாண்டிச் சாலை கிடையாது, மேட்டு நிலம்தான். என் தபால் சுற்றிலும் அதுதான் கடைசி வீடு. அவளுக்குத் தபால் இல்லாத நாளிலும் விளம்பரத் தாள் ஏதாவது கையில் இருக்கும்; அதைச் சாக்காக வைத்து மேலே ஏறிவிடுவேன். அவள் அண்ணன் ஆமோஸ் இறந்த பிறகு அவளோடு வாய்திறந்து பேசுகிற ஆள் நான் ஒருத்திதான் என்று எனக்குத் தெரியும். பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. "மழை வரும் போல" என்பாள். "வரும்" என்பேன். வாசல் கதவில் கையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்போம்.

ஆமோஸ் போன அடுத்த ஏப்ரலில்தான் மேடு எரிந்தது. யாரோ வெயில் காய வந்தவர்கள், வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே ஹெதர் புதருக்குள் தட்டடுப்பை வைத்துச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்களே, அலுமினியத் தட்டில் கரியும் மேலே ஒரு கம்பிவலையும், ஒருமுறை எரித்துவிட்டுத் தூக்கிப் போடுவது, அதுதான். எங்கள் மேட்டில் மண்ணே காய்ந்தால் விறகு மாதிரி. மேலே அணைத்தாலும் அடியில் ஊர்ந்துபோய் வேறெங்கோ கிளம்பும். தீயணைப்பு வண்டிகள் நாள்கணக்கில் நின்றன.

எஸ்தரின் ஆடுகளுக்கு வேலி கிடையாது. தாய் மேய்ந்த இடத்தில்தான் குட்டி மேயும். அதன் குட்டியும் அங்கேதான். யாரும் ஓட்ட வேண்டியதில்லை, அந்த நிலத்தை விட்டு அவை போகாது. தீ வந்தபோதும் போகவில்லை. சினை ஆடுகள். பாதிக்கு மேல் கல்சுவரின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. உதவிக்கு வருகிறோம் என்று ஊரில் நாலைந்து பேர் போனோம். "வேண்டாம்" என்று சொல்லி அவளே டிராக்டரை எடுத்துப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் ஊருக்குள் இறங்குவதில்லை. சனி ஞாயிறுகளில் தண்ணீர்க் கேனும் நாயுமாக மேட்டைச் சுற்றி வந்தாள். புதர்களில் கிடந்த பழைய தட்டுகளையெல்லாம் பொறுக்கிவந்து சாலையோர வேலிக்கம்பங்களில் ஆணியடித்து மாட்டினாள். காற்றடித்தால் அத்தனையும் லடலடவென்று அடித்துக்கொள்ளும். பப்பில் அவளுக்குத் 'தகரக்காரி' என்று பேர் வைத்தார்கள். "தகரக்காரி வீட்டுப் பக்கம் போனியா? இன்னிக்குக் கச்சேரி பலம்" என்று என்னிடமே கேட்பார்கள். நான் என் கிளாஸை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவேன்.

மறு வருஷம் மே மாதம் ஒரு சனிக்கிழமை. அன்று நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. எஸ்தர் பாதி சொன்னாள், மார்வா மீதி சொன்னாள்.

நீர்த்தேக்கத்துக் கரையிலிருந்து புகை எழும்புவதைப் பார்த்துவிட்டு எஸ்தர் ஓடியிருக்கிறாள். அறுபது வயதைத் தாண்டியவள், கையில் தண்ணீர் கேன். கீழே கல் பாவிய சரிவில் ஒரு கறுப்பினப் பெண் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவளுக்கு முன்னால் தட்டடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"அணைச்சிடு. இப்பவே."

"வணக்கம் சொல்ற பழக்கமெல்லாம் இந்தப் பக்கம் கெடையாதா?" என்று கேட்டாள் அவள்.

"அங்க போர்டு வெச்சிருக்கேன், கண்ணு தெரியலையா?"

"தெரியுது. அதனாலதான் புல்லுல வெக்காம கல்லுல வெச்சிருக்கேன். அடியில பாருங்க, செங்கல்லு. இந்தப் பக்கம் பாருங்க, தண்ணி. பஸ்ஸுல ரெண்டு செங்கல்லத் தூக்கிட்டு வரேங்க நான். டிரைவரு கேக்கறாரு, 'என்ன கண்ணு, மேல வீடு கட்டப் போறியா'ன்னு."

எஸ்தர் சிரிக்கவில்லை. கேனைக் கவிழ்த்து மொத்தத் தண்ணீரையும் அடுப்பின்மேல் ஊற்றினாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. சாம்பல் எழும்பிக் கோழித் துண்டுகள்மீதும் சோளக்கதிர்கள்மீதும் படிந்தது.

அந்தப் பெண் திட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. நனைந்த ஒரு துண்டை விரலால் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள். வெளியே வெந்து உள்ளே பச்சையாக இருந்தது.

"அடுத்த பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான்," என்றாள். "அது வரைக்கும் இந்தப் பச்சக் கோழியோட நான் என்னத்தப் பேசிட்டு உக்காந்திருக்கறது?"

கோபித்திருந்தால் எஸ்தருக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலிக் கேனை மூடிக்கொண்டே, "எங்கிட்ட ஓவன் இருக்கு" என்றாள். "எப்படி அது என் வாயில வந்துச்சுன்னே தெரியல ஜேனிஸ்," என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் பேர் மார்வா நோயல். கீழே ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கோழியைக் கழுவி, திரும்ப மசாலா தடவி, ஓவனில் வைத்தார்கள். வெந்ததும் எஸ்தர் தன் தட்டை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியோரம் போய் நின்றாள். ஆமோஸ் போனதிலிருந்து அவள் அங்கே நின்றுதான் சாப்பிடுவது.

"உக்காருங்க," என்றாள் மார்வா. "நாள் பூரா வயசானவங்களுக்குச் சோறு ஊட்டறவ நான். நின்னுட்டுச் சாப்பிடறவங்களப் பாத்தா என் கை சும்மா இருக்காது, புடிச்சு உக்கார வெச்சிடும்."

மேசையின் மறுபக்கத்து நாற்காலியில் பழைய செய்தித்தாள்கள் குவிந்திருந்தன. எஸ்தர் அவற்றைத் தரையில் இறக்கினாள். முதல் வாய் வைத்ததுமே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கரீபியன் மிளகாய், மார்வாவின் அப்பா அம்மா அந்தப் பக்கத்து ஒரு சின்னத் தீவிலிருந்து வந்தவர்கள். எஸ்தர் ஒரு குவளைப் பாலைக் குடித்துவிட்டு மறுபடி சாப்பிட்டாள். கண்ணீர் நிற்கவில்லை. மார்வா காரம் என்றே நினைத்திருக்கிறாள். பேச்சு ஆடுகள் பக்கம் திரும்பியபோதுதான் அவளுக்கு விளங்கியது.

"பேர் வெச்சிருந்தீங்களா?" என்று மார்வா கேட்டாளாம்.

"ஆட்டுக்கு யாராச்சும் பேர் வெப்பாங்களா?" என்றாள் எஸ்தர். இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஒண்ணு ரெண்டுக்கு வெச்சிருந்தேன்," என்றாள்.

அதுவரை யாரும் அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஐயோ பாவம் என்று சொன்னோம், நஷ்ட ஈடு உண்டா என்று கேட்டோம். நானும் அப்படித்தான்.

மார்வா தன் கதையைச் சொன்னாள். அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு முற்றம் உண்டு. அப்பா எண்ணெய்ப் பீப்பாயை இரண்டாக வெட்டி அடுப்பாக்கி வைத்திருந்தார். சனிக்கிழமை அதை மூட்டினால் தெருவே வந்து நிற்கும். அப்பாவும் போய், அம்மாவும் போனதும், வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது ஐந்தாம் மாடியில் ஒற்றை அறை.

"டோஸ்ட்டு கொஞ்சம் கருகினாப் போதும், பொகைக்கு மணி அடிச்சு அஞ்சு மாடியும் கீழ எறங்கி நிக்கணும். அப்புறம் லிஃப்டுல என்னைப் பாத்தாலே மொறைக்கறாங்க. கரியில வாட்டின சோளத்தோட வாசன எனக்கு வேணும்னா, இந்தத் தட்டத் தவிர வேற வழியில்லங்க. அதுக்குத்தான் பஸ்ஸேறி வரேன்."

எஸ்தர் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து காட்டினாள். கல் பாவிய முற்றம். மூன்று பக்கமும் சுவர். ஒரு மூலையில் குழாய். "இங்க மூட்டு. இங்க எதுவும் எரியாது."

மார்வா வந்தாள். ஒரு சனி விட்டு ஒரு சனி அவளுக்கு வேலையில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் வந்தாள். ஜூன் மாதம் நான் தபாலோடு போனபோது முற்றத்தில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. எஸ்தர் முழங்காலில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் பல்செட்டை மாற்றிப் போட்டுக்கொண்ட இரண்டு கிழவர்களைப் பற்றி மார்வா ஏதோ சொல்ல, எஸ்தர் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து குரைத்தது. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டென்றே எனக்குத் தெரியாது. "ஜேனிஸ், அடுத்த தடவ வரும்போது நோரீன் கடையில வெண்ணெய் வாங்கிட்டு வா, சோளத்துக்குத் தடவ," என்றாள். நானும் ஒரு கோழித் துண்டு வாங்கித் தின்றுவிட்டு, வழியெல்லாம் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

ஜூலையில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். மேட்டிலும் நீர்த்தேக்கத்திலும் தட்டடுப்புக்கு அடியோடு தடை போட வேண்டும் என்று மாவட்டக் கவுன்சிலுக்கு எழுதுவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். ஊர்ச் சபைத் தலைவர் கிளைவ் சக்டன் என்னிடம் சொல்லியனுப்பினார்: "எஸ்தர் வந்து ரெண்டு வார்த்த பேசினாப் போதும், யாரும் மறுக்க மாட்டாங்க." வருவாள் என்று நான் நம்பவில்லை. வந்தாள். மார்வாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எஸ்தர் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் பேசப் போகிறாள், துணைக்கு நான் இருக்கிறேன் என்று மார்வாவே கிளம்பினாளாம்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள்.

"எதுக்கெடுத்தாலும் தடையா? நாளைக்குத் தீப்பெட்டிக்கும் தடைம்பீங்க."

"நான் விக்கலன்னா கீழ சூப்பர்மார்க்கெட்டுல வாங்கிட்டு வரப் போறாங்க," என்றாள் கடைக்கார நோரீன். "எங்கிட்ட வாங்கினா, 'ஏம்ப்பா, பாத்து'ன்னு ஒரு வார்த்தையாவது சொல்லி அனுப்பறேன்."

"நம்ம ஊர்க்காரன் எவனாச்சும் மேட்டுல கொளுத்துவானா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "எல்லாம் கீழேருந்து வர்ற கூட்டம். அவங்களுக்கு இந்த மண்ணப் பத்தி என்ன தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஆள் மார்வாவைக் கவனித்தான் போல. அறையே ஒரு நொடி அவள் பக்கம் திரும்பிவிட்டு, வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்தது. மார்வா மடியில் கைப்பையை நேராக வைத்துக்கொண்டாள்.

எஸ்தர் எழுந்தாள். கையால் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவரோரத்துல என் ஆடுங்க எப்படிக் கெடந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. இப்பவும் சொல்லப் போறதில்ல. நெறைய பேரு கவனமாத்தான் இருக்காங்க. எனக்கு ஒருத்தியத் தெரியும், செங்கல்லும் தண்ணியும் கூடவே தூக்கிட்டு வருவா. அவளால ஒரு புல்லுகூடக் கருகாது. ஆனா இந்த மேட்டுக்கு ஆள் பாத்து எரியத் தெரியாது. தடை போடுங்க. எல்லாருக்கும் போடுங்க. அவளுக்கும் சேத்துத்தான்."

கை தட்டினார்கள். கைகள் உயர்ந்தன, தீர்மானம் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேறியது. வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் அவர்கள் இருவரையும் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனேன். எஸ்தருக்குப் பேசி முடித்த படபடப்பு, முகமெல்லாம் சிவந்திருந்தது. நிறுத்தத்தில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஒனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"நீங்க சொன்னது நியாயந்தான்," என்றாள் மார்வா. "அந்த ஆடுங்க என்னுதா இருந்தா நானும் அதையேதான் சொல்லுவேன்."

"ஒனக்குத்தான் என் வீட்டு முற்றம் இருக்கே. நீ எப்ப வேணா வரலாம்."

மார்வா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வருகிற மாதிரி இல்லை.

"அது ஒங்க முற்றம் எஸ்தர். நீங்க கூப்பிடறீங்க, நான் வரேன். சந்தோஷமாத்தான் வரேன். ஆனா, நாள் பூரா அடுத்தவங்க வீட்டுல, அடுத்தவங்க ரூமுல, கதவத் தட்டிட்டு உள்ள போறதுதாங்க என் பொழப்பு. அந்தக் கரையில மட்டுந்தான் யாரையும் கேக்காம உக்காந்திருந்தேன். யாரும் கூப்பிட வேண்டியதில்ல. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்ல." கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, "அங்க ஒருத்தர் பேசினாரே, அப்ப நீங்க அதுக்கு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றாள்.

எஸ்தர் வாயைத் திறந்தாள். அவள் அந்தப் பேச்சைக் கவனித்திருக்கவே மாட்டாள்; தன் முறை வரும் பயத்தில் உட்கார்ந்திருந்தவள். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. பஸ் வந்தது. மார்வா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். கோபமாக ஒன்றும் இல்லை. அதனால்தான் அவள் திரும்பி வர மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

வரவில்லை. அடுத்த முறைச் சனிக்கிழமை முற்றத்தில் இரண்டு நாற்காலிகளும் போட்டிருந்தன. அதற்கடுத்த முறையும். மழை பெய்து நனைந்தும் எடுக்காமல் கிடந்தன. மதியம் மேலே ஏறுகிற பஸ்ஸின் சத்தம் அந்த வீட்டுக்குக் கேட்கும். திருப்பத்தில் கியர் மாற்றும்போது ஒரு உறுமல். எஸ்தர் அந்த நேரத்தில் வாசலில் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டிருப்பாள்.

"எந்த இல்லத்துல வேலை பாக்கறாங்கன்னு தெரியுமா? நான் வேணா போய்..." என்றேன் ஒரு நாள்.

"தெரியும். போய் நின்னு என்ன சொல்ல? வான்னு கூப்பிடறதுதானே? அதத்தான் அவ வேண்டாங்கறா."

இலையுதிர்காலத்தில் எஸ்தர் தானாகக் கிளைவ் சக்டன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். நீர்த்தேக்கத்துக் கல் சரிவில், பஸ் நிறுத்தத்துக்குக் கிட்டத்தில், ஒரு பொது அடுப்பு வேண்டும். கல்லில் கட்டி வைக்க வேண்டும். மேட்டில் தடை இருக்கட்டும், அங்கே மட்டும் யார் வேண்டுமானாலும் மூட்டலாம் என்றாளாம். கிளைவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படின்னா அத்தன கூட்டமும் ஒன் வாசல்ல வந்து நிக்குமே எஸ்தர்? நீதானே தடை கேட்ட?"

"தடையும்தான் கேட்டேன். இதையும்தான் கேக்கறேன்."

நீர்த்தேக்கத்துக்காரர்களின் சம்மதம் வாங்கவே குளிர்காலம் முழுக்க ஆயிற்று. கட்ட ஆளில்லை என்று அவர்கள் கையை விரித்தபோது, தானே கட்டுவதாகச் சொன்னாள். இடிந்த கல்சுவர்களை எடுத்துக் கட்டுவது அவள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போய்க் கல் இறக்கினேன். எந்தச் சுவரிலிருந்து கொண்டுவந்த கல் என்று கேட்டேன். ஒரு பக்கம் கரி படிந்த கல்லை எடுத்து, அந்தப் பக்கம் உள்ளே போகும்படி வைத்தாள். அடுப்பைச் சுற்றி உட்காரத் தாழ்வான மேடையும், சாம்பல் கொட்ட ஒரு தொட்டியும், பக்கத்தில் ஒரு குழாயும். நான் குளிரில் கையை ஊதிக்கொண்டு நிற்க, அவள் ஒரே கல்லை நாலு தடவை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"யாரு கட்டினதுன்னு யாராச்சும் கேட்டா, கவுன்சில்னு சொல்லு," என்றாள்.

மே மாதம் தடை அமலுக்கு வந்தது. அறிவிப்புப் பலகையில் மேட்டில் எந்தத் தீயும் கூடாதென்று பெரிதாகவும், கல்லடுப்பு எல்லாருக்கும் பொது என்று கீழே சின்னதாகவும் எழுதியிருந்தார்கள். கூட்டம் வந்தது. கிளைவ் பயந்த அளவுக்கு இல்லை, நோரீன் எதிர்பார்த்த அளவுக்கும் இல்லை. பாட்டரி ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த இளவட்டங்கள், பிள்ளைகளோடு ஒரு பாகிஸ்தானியக் குடும்பம், பிறந்தநாள் கொண்டாடிய நர்ஸுகள். சிலர் குப்பை போட்டார்கள். எஸ்தர் காலையில் இறங்கிவந்து யாரும் இல்லாத நேரத்தில் பொறுக்கிவிட்டுப் போவாள். ஆள் இருக்கும்போது வர மாட்டாள். மேட்டில் அந்தக் கோடையில் ஒரு பொறிகூட விழவில்லை. எஞ்சிய ஆடுகள் பழைய இடத்திலேயே மேய்ந்தன. புதிதாக முளைத்த புல் வேறொரு பச்சையாக இருந்தது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் சுற்றின் கடைசியில், கல்லடுப்பில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தினேன்.

"மார்வா!"

"ஓ, தபாலம்மா! நாக்கு ஆறிடுச்சா?" என்று சிரித்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கம்பிவலையில் வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது. "வேலை மாத்திட்டாங்க, இப்பல்லாம் சனிக்கிழம லீவு கெடையாது. இது எப்ப வந்துச்சு? நல்லாக் கட்டியிருக்காங்க. உக்காந்தா முட்டி வலிக்கல."

"கவுன்சில்," என்றேன்.

அவள் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். உள்ளங்கையால் அதைத் தடவினாள்.

"மேல போகலியா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இல்ல," என்றாள் மார்வா. "நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

சொன்னேன். எஸ்தர் வாசல் கதவில் கையை வைத்தபடி கேட்டாள்.

"தனியாவா வந்திருக்கா?"

"தனியாத்தான்."

"வேற யாராச்சும் வந்து தொந்தரவு பண்ணினாங்களா?"

"இல்ல. அவங்க மட்டுந்தான் இருக்காங்க. நிம்மதியா உக்காந்திருக்காங்க. நீங்க எறங்கிப் போனா..."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கீழே நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் மெல்லிய புகை நேராக எழும்பி, பிறகு சாய்ந்து, தண்ணீர்ப் பக்கமாகப் போனது. கலையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காத்து மேல இருந்து அடிக்குது," என்றாள். "இங்க வரைக்கும் வாசன வராது."

பிறகு தபாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.